கீழே விழுந்த கேஜும் ஐந்து துவக்குகளும்

ஓய்வுபெற்றவர்கள் தாங்கள் பார்த்த வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று எங்கள் பங்குக் கோயிலின் ஆண்டு மலர்க்காரர்கள் இந்த முறை கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளர் வண்டி தள்ளியவர்கள், உணவகத்தில் கோப்பை கழுவியவர்கள், தையல் தொழிற்சாலையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டபோது இரண்டு கிழமையாகப் பதில் சொல்லவில்லை. கோயிலில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் மொன்றியலுக்குப் பக்கத்தில், புவாண்ட்-கிளேரில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்தவன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. நான் பதினைந்து ஆண்டுகள் நின்றது ஒரு துவக்குப் பட்டறையில். வேட்டைக்காரர்களுக்கு அவரவர் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்து ரைபிள் செய்து கொடுக்கும் இடம் அது.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. என் மனைவி பிலோமினாவின் தம்பி மன்னாரில் துவக்குச் சூட்டில் செத்தவன். சுட்டது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவளும் மகளும் ஊரில் இருக்க, நான் முதலில் இங்கே வந்தேன். தொலைபேசியில் அவள் என்ன வேலை என்று கேட்டபோது, லேத் வேலை என்றேன். எதைக் கடைகிறேன் என்று அவளும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

லேத் எனக்குப் பழகிய இயந்திரம். ஊரில் படகு எஞ்சின் திருத்தும் பட்டறையில் இருபது ஆண்டுகள் அதன் முன்னால்தான் நின்றேன். மொன்றியலுக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைத்தேன். பிறகு கடைசல்காரன் தேவை என்று ஒரு விளம்பரத் தாளைக் கண்டு, நான் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். பட்டறைக்காரர் பெயர் நோர்மன். ஓர் உருக்குத் துண்டையும் ஒரு வரைபடத்தையும் தந்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து நான் கடைந்ததை மூன்று இடத்தில் அளந்தார். திங்கட்கிழமை வா என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். துவக்கு தொடுவதற்கான அனுமதிப் பத்திரம் எடுக்கத்தான் மாதக்கணக்கானது. உன் நாட்டில் எப்போதாவது துவக்கைக் கையில் எடுத்தாயா என்று அதிகாரி ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை.

நோர்மன் கதை குறைந்த மனிதர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை பிழையாக இருந்தால் அந்தத் துண்டை என் மேசையில் வைத்து, "இன்னொருக்காப் பார்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போவார். எங்கே பிழை என்று சொல்லமாட்டார். சரியாக இருந்தால் ஒன்றுமே சொல்லமாட்டார். காலையில் வந்ததும் கை கழுவுவார். அறை வெட்டும் நாளில் வானொலியை நிறுத்திவிடுவார்.

அறை என்பது குழலின் பின்பக்கத்தில் தோட்டா அமரும் இடம். ரீமர் என்ற வெட்டுக்கருவியால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைய வேண்டும். ஆழம் குறைந்தால் தோட்டா உள்ளே போகாது. பின்னால் இருக்கும் போல்ட் பூட்டாது. கூடினால் தோட்டா உள்ளே போகும், போல்ட்டும் பூட்டும், துவக்கும் வெடிக்கும். ஆனால் வெடிக்கிற நேரத்தில் தோட்டாவின் பித்தளைக் கோது பின்பக்கம் இழுபட்டு மெலியும். அது கிழிந்தால் உள்ளே இருக்கிற நெருப்புக்காற்று சுடுகிறவன் முகத்தை நோக்கித் திரும்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தலைமயிரின் பருமன்.

அதை அளக்கத்தான் கேஜ். தோட்டாவின் வடிவத்தில் கடைந்த உருக்குக் கட்டை. போல்ட்டைக் கழற்றி, உள்ளே உள்ள ஊசி, வில் எல்லாம் எடுத்துவிட்டு, கேஜை அறைக்குள் வைத்து இரண்டு விரலால் மட்டும் பூட்டிப் பார்க்க வேண்டும். கேஜ் தனியே இருக்கும்போது பூட்ட வேண்டும். கேஜின் அடியில் மெல்லிய டேப் ஒரு துண்டு ஒட்டினால் பூட்டக்கூடாது. அப்படியென்றால் ஆழம் சரி. மூஸ் என்ற பெரிய காட்டு மானின் வேட்டைக்கு இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் விரும்பும் தோட்டா வகை ஒன்று உண்டு. அதற்கான கேஜை நோர்மன் பட்டறை தொடங்கிய காலத்தில் தன் கையால் கடைந்திருந்தார். பதப்படுத்தி இறுக்காத உருக்கு. ஒரு மரப்பெட்டியில் அதற்கென்று ஒரு குழி.

நான் சேர்ந்த இரண்டாவது ஜனவரியில் ஒரு காலை, பஸ் பிந்தி, அரை மணி நேரம் பனிக்குள் நின்றுவிட்டுப் பட்டறைக்குள் வந்தேன். விரல் விறைத்திருந்தது. கேஜை எடுத்தேன், நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. நோர்மன் முன்பக்கத்தில் யாரோ வாடிக்கையாளரோடு நின்றார். எடுத்துத் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழிக்குள் வைத்து மூடியைச் சாத்தினேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிலோமினாவையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்ட மாதம் அது. எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று கடிதம் காட்ட வேண்டியிருந்தது. ஒரு கேஜுக்காக யாரும் வேலையை விட்டு நிறுத்தமாட்டார்கள் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

செப்டெம்பர் கடைசியில், மூஸ் வேட்டைக் காலம் தொடங்குகிற வேளையில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஒரு கடித உறையில் மூன்று வெற்றுக் கோதுகளைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வசந்தத்தில் எங்களிடம் செய்வித்த ரைபிள். வெடித்த கோதைத் தானே திரும்ப நிரப்பிப் பாவிக்கிறவர். இரண்டாம் முறை, மூன்றாம் முறை நிரப்பும்போது கோது வெடிப்பு விடுகிறது என்றார். நோர்மன் கோதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் நிரப்புகிறவர்கள் கோதை நெருக்கும் கருவியை அளவுக்கு மிஞ்சி இறக்கிவிடுவது வழக்கம், அதனாலும் இப்படி வரும் என்றார். பிறகு துவக்கை என் மேசையில் வைத்தார்.

"இன்னொருக்காப் பார்."

மூன்று கோதிலும் அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, சுற்றிவர ஒரு பளபளப்பான வளையம். ஒரு கம்பியின் நுனியை வளைத்துக் கூராக்கி, கோதுக்குள் விட்டு, உள்சுவரைத் தடவிக்கொண்டு மேலே இழுத்தேன். வளையம் இருந்த இடத்தில் கம்பி தடக்கென்று ஒரு பள்ளத்தில் விழுந்தது. ஒரு கோதை நீளவாக்கில் அரிந்தேன். அந்த இடத்தில் சுவர் கடதாசி போல இருந்தது. பின்பக்கம் இழுபட்டிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. இழுத்தது தபால்காரரின் கருவியா, எங்கள் அறையா என்பதுதான் கேள்வி.

அறையைத் துடைத்து விளக்கு விட்டுப் பார்த்தேன். கீறல் இல்லை, ரீமர் அதிர்ந்த தடம் இல்லை. போல்ட்டின் பிடிகளில் மெழுகுதிரிக் கரி பூசிப் பூட்டித் திறந்தேன். இரண்டு பிடியும் ஒரே அளவில் கரி இழந்திருந்தன. வெந்நீர்ச் சூட்டிலே உருகும் உலோகம் ஒன்று உண்டு. அதை ஊற்றி அறையின் அச்சை எடுத்து அகலத்தை அளந்தேன். சரி. கடைசியாகக் கேஜ். தனியே பூட்டியது. டேப் ஒட்டினால் பூட்டவில்லை. அதுவும் சரி.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் பழி தபால்காரரின் தலையில் விழுந்திருக்கும். நோர்மன் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் அரிந்த கோது என் முன்னால் கிடந்தது. வெடிக்காத, மருந்து நிரப்பாத புதுக் கோது ஒன்றை எடுத்து அறையில் வைத்து, அதன் அடியில் டேப் ஒட்டிப் பூட்டிப் பார்த்தேன். புதுக் கோது கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும்; ஒரு அடுக்கு, மிஞ்சினால் இரண்டு அடுக்கு டேப்போடு போல்ட் மறிக்க வேண்டும். இரண்டுக்குப் பூட்டியது. மூன்றுக்கும், நான்குக்கும் பூட்டியது. ஐந்தாவதில்தான் மறித்தது. வேறு இரண்டு கம்பெனிக் கோதுகளை எடுத்தேன். அதே கணக்கு.

மூன்று கம்பெனியும் ஒரே பிழை விடாது. அப்படியென்றால் பொய் சொல்வது கேஜ். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கேஜின் அடி விளிம்பில், கண்ணாடியில் நகம் வெட்டிய துண்டு போல, உருக்கு பிதுங்கி நின்றது. அந்தப் பிதுக்கம் கேஜை நீளமாக்கியிருந்தது. ஜனவரிக்குப் பிறகு அந்தக் கேஜை வைத்து வெட்டிய ஒவ்வொரு அறையும் அதே அளவுக்கு ஆழம்.

அன்று ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். நான் அந்தோனி அண்ணையோடு ஒரே அறையில் இருந்தேன். மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேக்கரி ஒன்றில் வேலை. எனக்கு என்ன வேலை என்று தெரிந்த ஒரே தமிழர் அவர்தான். நடந்ததைச் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"சவரி, விழுந்ததை ஒருத்தரும் காணேல்லைதானே. கேஜ் தேஞ்சு போச்செண்டு சொல்லு. மனுசியும் பிள்ளையும் வந்து சேரட்டும். பேந்து உண்மையைச் சொல்லு."

"தேஞ்சா கேஜ் கட்டையாகும் அண்ணை. இது நீண்டிருக்கு. அவர் பாத்த உடனை பிடிச்சிடுவார்."

"அப்ப அவர் பிடிக்கட்டும். நீயா ஏன் போய்த் தலையைக் குடுக்கிறாய்?"

"அவர் பிடிக்கிறதுக்கிடையில சுடுற ஆளின்ரை கண் போயிட்டா?"

அண்ணை கெட்ட மனிதரில்லை, என் குடும்பம் வந்து சேர வேண்டும் என்று எனக்கு நிகராக வேண்டிக்கொண்டவர். காலையில் நான் வெளிக்கிடும்போது வாசல் வரை வந்து, சரி, சொல்லு என்று மட்டும் சொன்னார்.

நோர்மன் கை கழுவிக்கொண்டு நின்றார். நான் கேஜை மேசையில் வைத்தேன். என் பிரெஞ்சு அப்போது ஓட்டை உடைசல். ஜனவரியில் நான் இதைக் கீழே போட்டேன், சொல்லவில்லை, பயந்தேன் என்று மூன்று வசனம். அவர் கையைத் துடைத்தார். மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தார். கேஜைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு முறை அளந்தார். அவருடைய காது சிவந்தது. அவரிடம் நான் கண்ட கோபம் அவ்வளவுதான்.

"ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் ஒரு கேஜ் மட்டும்தான் போயிருக்கும்," என்றார்.

என்னை நிறுத்துகிறீர்களா என்று கேட்டேன். முதலில் துவக்குகள் என்றார். வேலைப் பதிவுப் புத்தகத்தை எடுத்து ஜனவரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். அந்தத் தோட்டாவுக்கு வெட்டிய அறைகள் ஐந்து. பிறகு கேஜைப் பிடிகருவியில் இறுக்கி, அரத்தால் வெட்டி இரண்டு துண்டாக்கினார். தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். உங்கள் துவக்கால் சுடாதீர்கள், பிழை எங்களுடையது என்று எல்லோருக்கும் ஒரே வசனம். தபால்காரரோடு சேர்த்து நான்கு பேருக்குச் செய்தி சொல்லியாயிற்று. ஐந்தாவது ஆள் மார்செல். அவருடைய மனைவிதான் எடுத்தார். மார்செலும் மகளும் முதல் நாளே வேட்டை முகாமுக்குப் போய்விட்டார்கள். லா டுக் என்ற ஊருக்கு வடக்கே, காட்டுப் பாதை முடிகிற இடத்தில். அங்கே தொலைபேசி இல்லை.

அந்த ஐந்து அறைகளில் நான்கை நோர்மன் வெட்டினார். நான் முதன்முதலில் தனியாக வெட்டியது மார்செலின் அறை.

மறுநாள் விடிந்ததும் நோர்மனின் டிரக்கில் போனோம். ஐந்து மணி நேரம் தார்ப்பாதை, அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் சரளைப் பாதை. அவர் ஓட்டினார். முகாமில் மார்செலின் மைத்துனர் மட்டும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஏரிக்கரையில் காவல் இருக்கிறார்கள், நாலு மணிக்கு வருவார்கள், இப்போது போனால் மிருகம் கலையும் என்றார். வேட்டைக்காரர் கண்ணில் பளிச்சென்று தெரிய நோர்மன் இரண்டு செம்மஞ்சள் மேலங்கிகளை ஆணியிலிருந்து எடுத்து ஒன்றை என்னிடம் தந்தார்.

ஏரிக்குப் பாதி வழியில் ஒரு வெடி கேட்டது. பிறகு இன்னொன்று. நோர்மன் ஓடத் தொடங்கினார். அறுபது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கத்திக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார், நான் பின்னால்.

மார்செல் நின்றுகொண்டிருந்தார். தண்ணீரோரம் ஒரு பெரிய மூஸ் உயிர் போகாமல் விழுந்து கிடந்தது. அவர் பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க மகள் சில்வி. கடைசி வெடியை வைக்கத் துவக்கை மகளிடம் கொடுப்பதற்காக அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார், அது போகவில்லை. ஏன் என்று புரியாமல் உள்ளங்கையை எங்களிடம் நீட்டினார். போல்ட்டோடு வெளியே வந்த கோதின் அடிப்பாதி அதில் இருந்தது. வளையம் இருக்க வேண்டிய இடத்தில் சுற்றிவரக் கிழிந்திருந்தது. மேல்பாதி அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவருடைய மூக்குக்கண்ணாடியின் வலப்பக்க வில்லையில் கறுப்புப் புள்ளிகள். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் சிவப்பாகப் பொரிந்த இரண்டு இடம்.

நோர்மன் துவக்கை வாங்கினார். பிழை என் பட்டறையுடையது என்று தொடங்கினார். நான் இடையில் புகுந்தேன். என்னுடையது, ஜனவரியில் கேஜைக் கீழே போட்டேன், சொல்லவில்லை என்றேன். மார்செல் கண்ணாடியைக் கழற்றி அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அடுத்த வெடியை வைக்க இருந்தவள் அவள். அவள் கண்ணாடி போடுகிறவள் அல்ல.

"ஜனவரியிலிருந்து உனக்குத் தெரியுமா?"

"கீழே விழுந்தது தெரியும்."

அவர் கண்ணாடியைத் துடைக்காமலே திரும்பப் போட்டார்.

"உன் கை இனி என் துவக்கில் படக்கூடாது."

சரி என்று நோர்மன் சொன்னார். நானும் தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது.

புதிதாக, பதப்படுத்திய கேஜ்கள் வாங்கினோம். ஒவ்வொரு குழலையும் கழற்றி, பின்பக்கத்தை ஒரு மரைச் சுற்று அளவுக்கு வெட்டி, அறையைத் திரும்பக் குடைந்தோம். நான்கு துவக்கில் நானும் நின்றேன். மார்செலின் துவக்கு லேத்தில் ஏறிய நாளில் நோர்மன் என்னை முன்பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவர் கொடுத்த வாக்கு அது. அந்த நாள் முழுக்க நான் வாடிக்கையாளருக்குத் துடைப்புத்துணியும் எண்ணெயும் விற்றேன். பின்னால் ரீமர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

குடிவரவுக் கடிதத்தை நான் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மேசையில் ஓர் உறை கிடந்தது. சவரிமுத்து என்பவர் இங்கே முழுநேர நிரந்தர வேலையில் இருக்கிறார் என்று இரண்டு வரி, கீழே கையெழுத்து. நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ ஒரு சொல் இல்லை.

அடுத்த கோடையில் பிலோமினாவும் மகளும் வந்து சேர்ந்தார்கள். வந்த மூன்றாம் நாள், என் வேலை துவக்குப் பட்டறையில் என்று சொன்னேன். ஒரு முறை மறைத்து என்ன ஆனது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அது ஆரைச் சுடுற துவக்கு?"

"மானைச் சுடுறது."

"மானைச் சுடுறது மனுசரைச் சுடாதோ?"

குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளினாள். நான் ஓய்வுபெறும் வரை அவள் அந்தப் பட்டறை வாசலை மிதிக்கவில்லை. மதியச் சாப்பாடு மட்டும் நாள் தவறாமல் கட்டித் தந்தாள்.

ஆறு ஆண்டுகள் போயின. நோர்மன் கிழமைக்கு இரண்டு நாள்தான் வந்துபோனார். மற்ற நாட்களில் பட்டறை என் பொறுப்பு. ஒரு செப்டெம்பரில் ஒரு பெண் நீளப் பெட்டியோடு உள்ளே வந்தாள். பெயர் சொல்லும் முன்பே அடையாளம் கண்டுகொண்டேன். சில்வி.

அப்பா வசந்தத்தில் இறந்துவிட்டார் என்றாள். கடைசி வேட்டைக்குப் பிறகு துவக்கு முகாமிலேயே, ஈர உறைக்குள் குளிர்காலம் முழுக்கக் கிடந்துவிட்டதாம். இப்போது வெடித்த கோது அறையை விட்டுக் கழன்று வருவதில்லை. பெட்டியைத் திறந்து துவக்கை மேசையில் வைத்தாள். நான் கையை நீட்டவில்லை.

"அப்பா ஒன்று சொல்லியிருந்தார்," என்றாள். "துவக்கில் ஏதும் கோளாறு வந்தால் அந்தக் கடையில் இருக்கிற தமிழனிடம் காட்டு. அவன் கையில் கொடுக்காதே. காட்டு. பிழை இருந்தால் அவன் சொல்லிவிடுவான்."

அப்படியானால் நீங்களே பிடியுங்கள் என்றேன். அவள் போல்ட்டைக் கழற்றித் துவக்கைக் கிடையாகப் பிடித்தாள். நான் தொடாமல், சிறு விளக்கைப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அறையின் சுவர் முழுக்கத் துருக் குழிகள். ஆழமானவை. அறையோடு நிற்கவில்லை, குழலுக்குள் பாதிதூரம் ஓடியிருந்தன. குழலின் மேற்புறத்தில் மார்செலின் பெயர் செதுக்கியிருந்தது.

வேறொரு கடையில் அறையைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவதாகச் சொன்னார்கள் என்றாள். வரும் வேட்டைக்கு அப்பாவின் குழலோடு போக ஆசைப்பட்டாள். அது முகத்திலேயே தெரிந்தது.

"தேய்த்தால் கோது கழன்று வரும்," என்றேன். "ஆனால் இந்தக் குழி போகும் வரை தேய்த்தால் அறை பெருத்துவிடும். கோது வீங்கிக் கிழியும். பின்பக்கத்தை வெட்டிப் புதிதாகக் குடையலாம் என்றால், துரு அதற்கு அப்பாலும் போயிருக்கிறது. இந்தக் குழல் முடிந்துவிட்டது. இதில் இனி ஒரு வெடியும் வைக்காதீர்கள்."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். பெயர் செதுக்கிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு, மரப்பிடியும் மற்றப் பாகங்களும் நன்றாக இருக்கின்றனவா என்று கேட்டாள். நன்றாக இருக்கின்றன என்றேன். புதுக் குழல் பூட்ட முடியுமா என்றாள். முடியும், நோர்மன் வியாழக்கிழமை வருவார், அவரிடம் சொல்லி வைக்கிறேன் என்றேன்.

"நீங்கள் வெட்டமாட்டீர்களா?"

"என் கை படக்கூடாது என்று உங்கள் அப்பா சொன்னார்."

சில்வி எழுந்து துவக்கை இரண்டு கையாலும் தூக்கி என் பக்கம் நீட்டினாள்.

"அது அவருடைய குழலுக்குச் சொன்னது," என்றாள். "வரப்போவது என்னுடையது."

நான் போய்க் கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டேன்.